பழைய சோறு, ஆன்டிபயாட்டிக், குழந்தைக்குத் தேன்: குடல் பத்தி நீங்க கேட்டது

இந்த தடவை குடல் பாக்டீரியா பத்தின கேள்விதான் நிறைய. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்துட்டேன்.

கேள்வி: தினமும் காலைல பழைய சோறுதான். ஃபிரிட்ஜ்ல வச்ச சாதத்துக்கும் அதே பலன் உண்டா? எனக்கு சுகர் வேற இருக்கு.

பாதி பலன் உண்டு. சோறு ஆறும்போது அதுல இருக்கிற மாவுச்சத்துல ஒரு பகுதி இறுகிப்போய் சிறுகுடல்ல செரிக்காம பெருங்குடலுக்குப் போயிடும், அங்க இருக்கிற பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு, இது ஃபிரிட்ஜ் சாதத்துலயும் நடக்கும். அதை சாப்பிட்டு அதுங்க பியூட்டிரேட்னு ஒரு பொருள் பண்ணும், பெருங்குடல் சுவர்ல இருக்கிற செல்லுங்களுக்கு வேண்டிய சக்தியில சுமார் 70 சதவீதம் அதுல இருந்துதான் கிடைக்குது. ஆனா தண்ணி ஊத்தி ராத்திரி வெளிய வச்சாதான் லாக்டிக் ஆசிட் பாக்டீரியா நல்லா பெருகும், காலைல வர்ற அந்த லேசான புளிப்பு அதோட வேலை.

ஒரு விஷயம் கவனமா இருங்க. வடிச்ச சோறு சும்மா மணிக்கணக்கா மூடிக் கிடந்தா பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமி வளரும், அது விடுற விஷம் திரும்ப சூடு பண்ணாலும் போகாது. அதனால சோறு ஆறினதும் தண்ணி ஊத்திடுங்க, காலைலயே சாப்பிட்டு முடிச்சிடுங்க, சித்திரை வெயில்ல மத்தியானம் வரைக்கும் வைக்காதீங்க, வாடை மாறியிருந்தா கொட்டிடுங்க. சுகருக்கு வருவோம், பழைய சோறும் சோறுதான். ஒரு கரண்டி குறைச்சுக்கிட்டு கூட கீரையோ பயறோ வச்சுக்கங்க, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிறது ரொம்ப நல்லது, அதுல இருக்கிற நார்ச்சத்தும் அந்த பாக்டீரியாவுக்குத்தான் போகுது.

கேள்வி: இட்லி புரோபயாட்டிக்கா?

புரோபயாட்டிக்னா உயிரோட இருக்கிற நல்ல பாக்டீரியா. மாவு புளிக்கும்போது அது ஏராளமா இருக்கும், ஆனா ஆவில வெந்ததும் செத்துடும். புளிச்சதால செரிக்க லேசா இருக்கு, அது வேற பலன். உயிரோட வேணும்னா தயிர், மோர். கொதிக்க வச்ச மோர்க்குழம்பு கணக்குல வராது.

கேள்வி: ஆன்டிபயாட்டிக் 7 நாள் சாப்பிட்டதுல இருந்து வயிறு சரியில்லை. கடைல புரோபயாட்டிக் கேப்சூல் வாங்கி சாப்பிடலாமா?

இதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இதுல நிறைய பேர் பணத்தை வீணாக்குறாங்க. நம்ம உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குனு ஒரு கணக்கு, பெரும்பாலானது பெருங்குடல்ல. ஆன்டிபயாட்டிக்குக்கு நல்லது கெட்டது தெரியாது, நோய்க்கிருமியோட சேர்த்து இதுங்களையும் அடிச்சுடும். மறுபடி வளர சில வாரம் ஆகும், சிலருக்கு மாசக்கணக்கா இழுக்கும். 2018ல இஸ்ரேல்ல வைஸ்மான் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஆன்டிபயாட்டிக் குடுத்துட்டு சிலருக்கு புரோபயாட்டிக் மாத்திரையும் குடுத்துப் பார்த்தா, மாத்திரை சாப்பிட்டவங்களோட சொந்த பாக்டீரியா திரும்ப வர்றது இன்னும் லேட் ஆச்சு, சும்மா விட்டவங்களுக்கு அதைவிட சீக்கிரம் வந்துச்சு. 21 பேரை வச்சு பண்ண சின்ன ஆய்வுதான், அதை மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆன்டிபயாட்டிக்கால வர்ற பேதியைத் தடுக்க சில வகை புரோபயாட்டிக் உதவுதுன்னும் ஆதாரம் இருக்கு, அதை டாக்டர் எழுதிக் குடுத்தா சாப்பிடுங்க. நீங்களா வாங்கிப் போட வேண்டாம். மோர், வாழைப்பழம், பயறு, காய்னு சாப்பிட்டு உள்ள மிச்சம் இருக்கிறதுக்குத் தீனி போடுங்க, அதுங்க தானா பெருகும். ஒரு நாளைக்கு பலமுறை தண்ணியா போகுது, ரத்தம் வருது, காய்ச்சல் இருக்குன்னா வீட்டுல உட்கார்ந்திருக்காதீங்க.

சளி இருமலுக்கு மெடிக்கல்ல கேட்டு 3 மாத்திரை வாங்கிப் போடுற பழக்கத்தை தயவுசெஞ்சு விட்டுடுங்க. வைரஸால வர்ற சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலையே செய்யாது, அடி வாங்குறது உங்க குடல்தான்.

கேள்வி: குடலுக்கு நல்லதுன்னு சுண்டலும் கேழ்வரகும் ஆரம்பிச்சேன், ஒரே கேஸ். நிறுத்திடவா?

நிறுத்தாதீங்க, குறைச்சுட்டு மெதுவா ஏத்துங்க. கொண்டைக்கடலைல இருக்கிற சில சர்க்கரையை செரிக்க நம்மகிட்ட என்சைம் கிடையாது, பாக்டீரியாதான் சாப்பிடும், சாப்பிட்டா கேஸ் வரத்தான் செய்யும். ராத்திரி ஊற வச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணில குழைய வேக வைங்க, வாரத்துக்கு 2 நாள் ஒரு கைப்பிடில ஆரம்பிங்க, சில வாரத்துல பெரும்பாலானவங்களுக்குப் பழகிடும். அப்புறமும் வயிறு உப்புசமும் வலியும் இருந்தா ஐபிஎஸ்னு (IBS) சொல்ற குடல் எரிச்சல் பிரச்சினையா இருக்கலாம், அதுக்கு சாப்பாட்டு முறையே வேற, டயட்டீஷியனைப் பாருங்க.

கேள்வி: சிசேரியன்ல பொறந்த குழந்தைக்கு நல்ல பாக்டீரியா கிடைக்காதாமே? மாமியார் நாக்குல தேன் தடவச் சொல்றாங்க.

தேன் வேண்டவே வேண்டாம். 1 வயசு வரைக்கும் ஒரு சொட்டு கூட குடுக்கக் கூடாது. தேன்ல பாட்டுலிசம்னு ஒரு நோயைக் குடுக்கிற கிருமியோட வித்து இருக்க வாய்ப்பு உண்டு, நம்ம குடல்ல ஏற்கனவே இருக்கிற பாக்டீரியா அதை முளைக்க விடாது, பச்சைக் குழந்தைக்கு அந்தக் காவல் இன்னும் உருவாகலை. அது முளைச்சா குழந்தை துவண்டு போய் மூச்சு விடவே சிரமப்படலாம். அத்தைகிட்ட சண்டை போடாம இந்தக் காரணத்தை அப்படியே சொல்லுங்கம்மா, பேரன் பேத்தி விஷயம், புரிஞ்சுக்குவாங்க.

சிசேரியன் குழந்தைக்கு ஆரம்பத்துல பாக்டீரியா வித்தியாசமா இருக்கறது உண்மைதான், ஆனா தாய்ப்பால் அதை நல்லாவே ஈடு கட்டும். தாய்ப்பால்ல குழந்தையால செரிக்கவே முடியாத ஒரு வகை சர்க்கரை இருக்கு, அது பிஃபிடோபாக்டீரியாங்கிற நல்ல பாக்டீரியாவுக்குன்னே வர்ற சாப்பாடு. சீம்பாலைப் பீச்சிக் கொட்டிடாதீங்க, 6 மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணி கூட வேண்டாம்.

கேள்வி: நைட் ஷிஃப்ட் வேலை. 3 வருஷமா வெறும் வயித்துல கேஸ் மாத்திரை போடுறேன், பரவாயில்லையா?

டாக்டர் பார்க்காம 3 வருஷம்னா ரொம்ப அதிகம். அந்த மாத்திரை வயித்து ஆசிட்டைக் குறைக்கிறது. ஆசிட் சும்மா இல்ல, சாப்பாட்டோட வர்ற கிருமியைக் கொல்றதே அதுதான், அதை வருஷக்கணக்கா அடக்கினா குடல்ல இருக்கிற பாக்டீரியாவும் மாறும், தொற்றும் சுலபமா வரும். அதுக்காக நாளைக்கே நிறுத்தாதீங்க, திடீர்னு விட்டா ஆசிட் இன்னும் வேகமா சுரந்து நெஞ்சு எரியும். டாக்டர்கிட்ட கேட்டு படிப்படியா குறைங்க. ராத்திரி 2 மணிக்கு பரோட்டா சாப்பிடுறதை விட்டுட்டு ஷிஃப்ட்டுக்கு முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுக்கங்க, நடுவுல மோர், பழம் போதும், வீட்டுக்கு வந்து சாப்பிட்ட உடனே படுக்காதீங்க. காரணமில்லாம எடை குறையுது, விழுங்க சிரமமா இருக்கு, மலம் தார் மாதிரி கருப்பா போகுது, இதுல எது இருந்தாலும் இந்த வாரமே போய் எண்டோஸ்கோப்பி தேவையான்னு கேளுங்க.