22,000 ரூபாய் போனுக்கு எவ்வளவு ரூபாயில் பவுச் போடலாம்?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் 22,000 ரூபாய்க்குப் புதுப் போன் பார்த்து வைத்திருக்கிறேன். 12 மாதத் தவணையில் எடுக்கலாம் என்று எண்ணம். கடைக்காரர் 1,299 ரூபாய்க்கு 'மிலிட்டரி கிரேடு' பவுச், 599 ரூபாய்க்கு டெம்பர் கிளாஸ், 1,899 ரூபாய்க்கு ஒரு வருஷ டேமேஜ் பிளான், மூன்றையும் தவணையிலேயே சேர்த்துத் தருகிறேன், மாதம் 345 ரூபாய்தான் கூடும் என்கிறார். என் வீட்டுக்காரர் 100 ரூபாய் பவுச் போதும் என்கிறார். பழைய போனை மூன்று வருஷம் வைத்திருந்தேன். அதில் ஒரு தடவை டிஸ்ப்ளே உடைந்து மாற்றினேன். அதைக் கொடுத்தால் 800 ரூபாய் கழித்துக்கொள்வார்களாம். மார்க்கெட் தரையில் எப்போதும் ஈரம். எதற்குச் செலவு செய்வது, எதை விடுவது?
— மேலூர் வாசகி

பதில்: பவுச் அவசியம் வாங்குங்கள். 100 ரூபாயில் நிற்க வேண்டாம், 1,299-க்கும் போக வேண்டாம். 300 முதல் 500 ரூபாய்க்குள் உங்கள் வேலைக்குத் தேவையானது கிடைக்கும். டெம்பர் கிளாஸுக்கு 150, 200 ரூபாய் போதும். பிளானை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். இவற்றில் எதையுமே தவணையில் ஏற்றாதீர்கள். பழைய போனைக் கொடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 345 ரூபாய். பவுச், கிளாஸ், பிளான் மூன்றும் சேர்ந்து 3,797 ரூபாய். 345-ஐ 12 மாதம் கட்டினால் 4,140. இடையில் இருக்கும் 343 ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம் வருகிறது. வட்டிக்குக் கொடுக்கப் போகும் அந்தப் பணத்துக்கே ஒரு நல்ல பவுச் வந்துவிடும். "வட்டியே கிடையாது, நோ காஸ்ட் தவணை" என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் போன் விலை எவ்வளவு குறையும் என்று இரண்டையும் கேளுங்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லியிருக்கிறது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது தள்ளுபடியாகத் தர வேண்டிய தொகை வட்டிக்குப் போயிருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அதே வட்டியில் போனுக்கு மட்டும் மாதம் 2,000 ரூபாய் போகும். 15,000 சம்பளத்தில் அது பெரிய தொகை. முன்பணமாக 5,000, 6,000 சேரும்வரை பழைய போனிலேயே ஓட்ட முடியும் என்றால் ஓட்டுங்கள். தவணை 1,500-க்குள் வந்தால் மாதக் கடைசியில் மூச்சு முட்டாது.

இப்போது பிளான். இதை எடுக்கலாமா கூடாதா என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லிவிடும். உங்கள் மாடலுக்கு டிஸ்ப்ளே மாற்ற என்ன விலை என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்; பல கம்பெனிகள் உதிரிபாக விலையை இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. 5,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல பிளான்களில் ஒவ்வொரு தடவை கிளெய்ம் செய்யும்போதும் நம் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டும். அது 500 என்றால் பிளானால் உங்களுக்கு மிச்சமாவது 5,000. அதற்காக 1,899 கொடுக்கிறீர்கள். அதாவது ஒரு வருஷத்தில் போன் உடைய நூற்றுக்கு 38 வாய்ப்பு இருந்தால்தான் கொடுத்த பணத்துக்கு ஈடாகும். உங்கள் பழைய போன் மூன்று வருஷத்தில் ஒரு தடவை உடைந்திருக்கிறது; வருஷத்துக்கு நூற்றுக்கு 33. ஒழுங்கான பவுச் போட்டால் அது இன்னும் இறங்கும். ஆகவே பிளான் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

இரண்டு நிலைமையில் மட்டும் என் பதில் மாறும். டிஸ்ப்ளே விலை 9,000, 10,000 என்று வந்தால் பிளானை யோசிக்கலாம். ஓரம் வளைந்த டிஸ்ப்ளே உள்ள போன்களில் அப்படி வரும். அடுத்தது, தண்ணீர் இறங்கிப் பழுதானாலும் பணம் தருவோம் என்று பிளான் விதிகளில் எழுத்திலேயே இருந்தால் யோசிக்கலாம், உங்கள் வேலை அப்படி. கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பி எடுக்க வேண்டாம். உடைந்த எத்தனை நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதையும் படித்துப் பாருங்கள். போனோடு வரும் ஒரு வருஷ வாரண்டி கீழே விழுந்து உடைவதற்குச் செல்லாது. ஈரம் புகுந்தாலும் பெரும்பாலும் செல்லாது, தண்ணீர், தூசியை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் 'ஐபி' ரேட்டிங் போட்ட போனாக இருந்தாலும் சரி.

சரி, பிளானும் இல்லாமல் உடைந்தால் என்ன செய்வது? தவணையில் கூடியிருக்க வேண்டிய அதே 345 ரூபாயை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து 12 மாத ஆர்.டி.யில் போடுங்கள். 6 சதவீத வட்டி என்றாலும் வருஷக் கடைசியில் 4,270 ரூபாய் பக்கம் கையில் நிற்கும். போன் உடையவில்லை என்றால் அது முழுக்க உங்கள் பணம். அடுத்த வருஷமும் அதே பணம் காவலுக்கு இருக்கும். பிளான் ஒரு வருஷத்தோடு முடிந்துவிடும். போனோ இரண்டாவது, மூன்றாவது வருஷத்திலும் உங்கள் கையில்தான் இருக்கப் போகிறது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம், இந்தத் தேவைக்கு நீளம்.

இரண்டாம் மாதமே விழுந்துவிட்டால் ஆர்.டி.யில் 700 ரூபாய்கூட இருக்காது. அதற்காகத்தான் பழைய போனைக் கொடுக்காதீர்கள் என்றேன். டிஸ்ப்ளே மாற்றிய போன், ஓடுகிற போன். விடியற்காலையில் வியாபாரம் நடக்கும் இடத்தில் கணக்குப் பார்க்கிறவர் நீங்கள். போன் செத்துவிட்டால் ஓ.டி.பி. வராது, பணம் வந்ததா என்று பார்க்க முடியாது, வியாபாரியின் அழைப்பை எடுக்க முடியாது. டிஸ்ப்ளே செலவைவிட அந்த இரண்டு, மூன்று நாள் முடக்கம் உங்களுக்கு அதிக நஷ்டம். பழைய போனை மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றி பீரோவில் வைத்திருந்தால், சிம்மை மாற்றிப் போட்டு அன்றைக்கே வேலையைப் பார்க்கலாம். 800 ரூபாய்க்கு அதை விடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து பவுச். இதில்தான் ஜனங்கள் பணத்தை அதிகமாக விடுகிறார்கள், அல்லது மிச்சம் பிடிக்கிறேன் என்று போனை விடுகிறார்கள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் போன் பெட்டியைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு கம்பெனிகள் பெட்டிக்குள்ளேயே ஒரு மெல்லிய பவுச் வைத்துத்தான் தருகின்றன. புது மாடல் வந்த புதிதில் வெளியே பவுச் விலை கூடுதலாக இருக்கும், தேர்ந்தெடுக்கவும் அதிகம் கிடைக்காது. அதுவரை பெட்டியில் வந்ததைப் போட்டு ஓட்டலாம்.

பெரும்பாலும் போன் மூலையில் இடித்துத்தான் விழும். மூலையில் வாங்கிய அடி நேராகக் கண்ணாடிக்குப் போகிறது. அந்த அடியை நடுவில் வாங்கி அமுக்கிக்கொள்வதற்கு மூலையில் மெத்தென்ற, கொஞ்சம் தடித்த பகுதி வேண்டும். கடைகளில் சிலிக்கான் பவுச் என்று தரும் வளையும் பிளாஸ்டிக்கில் பெரும்பாலானவை டி.பி.யு. என்ற பொருள். அது அடியை வாங்கிக்கொள்ளும். முழுக்க இறுகிய பிளாஸ்டிக்கில் வரும் மெல்லிய பவுச் கீறலைத் தடுக்கும், அடியை அப்படியே உள்ளே கடத்திவிடும். முதுகு இறுகியதாகவும், சுற்று விளிம்பு டி.பி.யு.வாகவும், நான்கு மூலையும் சற்றுப் புடைத்தும் இருப்பதைத்தான் நான் உங்களுக்குச் சொல்வேன். வீட்டுக்காரர் சொன்ன 100 ரூபாய் பவுச்சிலும் டி.பி.யு. உண்டு, ஆனால் பெரும்பாலும் மூலை தட்டையாகவும் விளிம்பு தாழ்வாகவும் இருக்கும். கண்ணாடி மாதிரி தெரியும் டி.பி.யு. வெயில் வெளிச்சத்திலும் சூட்டிலும் மஞ்சளாகிவிடும். அது அழுக்கு இல்லை, சோப்புப் போட்டாலும் போகாது. நிறம் உறுத்தும் என்றால் கறுப்பு வாங்கிவிடுங்கள்.

விளிம்பு உயரம் இன்னும் முக்கியம். முதலில் டெம்பர் கிளாஸை ஒட்டச் சொல்லுங்கள், அப்புறம் பவுச்சைப் போடுங்கள். போனைக் கவிழ்த்துக் கடை மேசையில் வையுங்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன். கிளாஸுக்கும் மேசைக்கும் நடுவில் அந்தக் கார்டு சிரமமில்லாமல் நுழைந்தால் விளிம்பு போதும். நுழையவில்லை என்றால், எத்தனை ரூபாய் பவுச்சாக இருந்தாலும் கவிழ்ந்து விழும்போது கண்ணாடிதான் முதலில் தரையைத் தொடும். கேமரா பக்கமும் இதே சோதனை.

கடைக்காரர் சொல்லும் 'மிலிட்டரி கிரேடு' அமெரிக்க ராணுவத்தின் 810 என்ற சோதனை முறையைக் குறிக்கிறது. அதில் பொருளை நாலடி உயரத்திலிருந்து 26 தடவை வெவ்வேறு பக்கமாக விழவிடுவார்கள், பல சோதனைகளில் கான்கிரீட்டின் மேல் வைத்த ஒட்டுப்பலகையில். உங்கள் மார்க்கெட்டில் இருப்பது வெறும் சிமெண்ட் தரை. ராணுவம் எந்தப் பவுச்சுக்கும் சான்று தருவதில்லை. தயாரிக்கிறவரே சோதித்து, அவரே அட்டையில் அச்சடித்துக்கொள்கிறார். சில நல்ல பவுச்களிலும் அந்த வாசகம் இருக்கிறது, 200 ரூபாய் பவுச்களிலும் இருக்கிறது. அதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

599 ரூபாய் கிளாஸில் '9எச்' என்று போட்டிருக்கும். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனை. மணல் அதைவிடக் கெட்டி, எந்த டெம்பர் கிளாஸையும் கீறும். கிளாஸ் கீறல் விழுந்து நாசமாவதற்கென்றே இருக்கிற பொருள், ஆகவே மலிவாக வாங்கி, விரிசல் விட்டதும் மாற்றிவிடுங்கள். உங்கள் போன் தட்டையான டிஸ்ப்ளே என்றால் திரவப் பசை ஊற்றி விளக்கில் காயவைக்கும் கிளாஸ் வேண்டாம். பசை ஸ்பீக்கர் துளைக்குள் போய்விட்டால் அது வேறொரு செலவு.

ஈரத்துக்கு வருகிறேன். எந்தச் சாதாரண பவுச்சும் தண்ணீரைத் தடுக்காது. சொல்லப்போனால் பூவுக்குத் தெளிக்கும் தண்ணீர் பவுச்சுக்கும் போனுக்கும் நடுவில் இறங்கி அங்கேயே தங்கும். வாரம் ஒரு தடவை கழற்றி இரண்டையும் துடைத்துப் போடுங்கள். தோல் ஃபிளிப் கவர் உங்களுக்கு ஆகாது. ஈரம் குடிக்கும், நாற்றமெடுக்கும், ஒவ்வொரு ஜிபே-க்கும் ஈரக் கையோடு திறந்து மூட வேண்டும். அதைவிட, கயிறு கோக்க ஓட்டை உள்ள பவுச்சாகப் பார்த்து, 50, 60 ரூபாய்க்குக் கழுத்தில் மாட்டும் கயிறு வாங்குங்கள். ஒரு கையில் பேனா, மறுகையில் சீட்டு என்று நிற்கும்போது போன் தராசுப் பலகை ஓரத்தில் உட்காராமல் உங்கள் கழுத்தில் இருக்கும். இந்தப் பட்டியலில் ஒரு ரூபாய்க்கு அதிகப் பாதுகாப்பு தருவது எது என்று கேட்டால் அந்தக் கயிறைத்தான் சொல்வேன்.

சூட்டையும் பாருங்கள். பல போன்கள் 35 டிகிரி வரை உள்ள சூழலுக்காகத்தான் செய்யப்பட்டவை. மதுரையில் சித்திரை, வைகாசி வெயில் 40-ஐத் தொடும். தடித்த பவுச்சோடு சார்ஜ் ஏறும்போது போன் கொதித்தால் பவுச்சைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். வண்டி பெட்டிக்குள் வெயிலில் விட்டுப் போகாதீர்கள். சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்னும், பேட்டரி மாற்றுவதும் ஆயிரக்கணக்கில் போகும்.

வாங்கும் இடம் அதே டவுன் ஹால் ரோடாகவும் இருக்கலாம், பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீனாட்சி பஜாராகவும் இருக்கலாம். போனைக் கையோடு கொண்டுபோய், போட்டுப் பார்த்து வாங்குங்கள். பட்டன் மூன்று நான்கு தடவை அமுக்கிப் பாருங்கள், உங்கள் சார்ஜர் வயரைச் செருகிப் பாருங்கள், மூலையை விரலால் இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கழன்று வந்தால் கீழே விழும்போதும் கழன்றுவிடும்.

பில் போடும்போது போன், பவுச், கிளாஸ் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் பில்லில் வந்திருக்கிறதா என்று பார்த்து அதைப் படமெடுத்து வையுங்கள். போன் காணாமல் போனால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத்தான் முடக்க முடியும். "பிளான் எடுத்தால்தான் போன் தருவோம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறையாகப் பார்க்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சொல்லலாம், அல்லது நாலு கடை தள்ளி அதே போனை வாங்கிக்கொள்ளலாம்.