பயிர்க்கடன் வாங்கினால் நெல்லில் லாபம் கூடுமா?

ஊரில் நெல் போடுகிற குடும்பம் பயிர்க்கடன் வாங்கினால் மிச்சம் கூடுமா, இல்லை வட்டியே எல்லாத்தையும் தின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும், பணம் நடவுக்கு முன்னால் கைக்கு வந்தால்.

நான் இருப்பது மும்பை தாராவியில். எங்கள் வயல் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம், 2 ஏக்கர். சித்தப்பா பார்க்கிறார். ரொம்ப வருஷம் அந்த வயலுக்குக் கடன் கொடுத்த ஆள் நானும் ஊரில் ஒரு நெல் வியாபாரியும்தான், அதனால் இந்தக் கணக்கை மாறி மாறிப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

2025-26 விலையில் சொல்கிறேன். பிசானம் என்கிற நெல் பருவத்துக்கு 2 ஏக்கருக்கும் உழவு, நாற்று, நடவுக் கூலி, உரம், களை, அறுப்பு மிஷின் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 70,000 ரூபாய் ஆகிறது. அதில் 50,000 வெளியில் வாங்கியாக வேண்டும். விளைச்சல் 40 குவிண்டால் என்று வையுங்கள். அந்த வருஷம் சாதா ரகத்துக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369, தமிழ்நாட்டின் ஊக்கத்தொகை சேர்ந்து 2,500. அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டால் ஒரு லட்சம் வரும், செலவு போக 30,000 நிற்கும். சித்தப்பாவின் சொந்த உழைப்புக்கு இதில் கூலி போடவில்லை.

இப்போது அந்த 50,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் என்றால் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. வங்கியில் விவசாயிக்கான கடன் அட்டையான கிசான் கார்டு என்றால் 3 லட்சம் வரை வருஷத்துக்கு 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் திரும்பி வரும், ஆக 4 சதவீதம். 5 மாதத்துக்கு சுமார் 830 ரூபாய். ஊரில் மூணு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூணு ரூபாய்க்கு, வாங்கினால் அதே 5 மாதத்துக்கு 7,500, அதாவது மிச்சத்தில் கால் பங்கு. வியாபாரியிடம் வாங்கினால் வட்டி என்று ஒரு பைசா கேட்க மாட்டார், ஆனால் நெல் அவருக்குத்தான் போக வேண்டும். களத்தில் அவர் 2,200 சொன்னால் 2,200தான். குவிண்டாலுக்கு 300 குறைந்தால் 40 குவிண்டாலுக்கு 12,000. வட்டியே இல்லாத அந்தக் கடன்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது. இதை எங்கள் அப்பாவுக்கே புரியவைக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது.

சரி, வியாபாரி வேண்டாம், கொள்முதல் நிலையத்துக்கே போவோம் என்றால், அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், காயவைக்க வேண்டும், முறை வரும்வரை குவியலுக்குக் காவல் இருக்க வேண்டும், பணமும் கையில் வராது, வங்கிக் கணக்கில்தான் வரும். மிஷின்காரரும் உரக்கடைக்காரரும் அறுத்த அன்றே களத்தில் வந்து நிற்கும்போது ஒரு மனிதர் எப்படிக் காத்திருப்பார்? நல்ல கடன் கையில் இருந்தால் அந்தப் பத்து நாள் காத்திருக்க முடிகிறது. வட்டியில் மிச்சமாவதைவிட இதில் மிச்சமாவது அதிகம் என்பது என் அனுபவம்.

நாள் தவறி வந்த கடனும் எங்களுக்குப் பழக்கம்தான். ஒரு வருஷம் ஊரில் ஒரு வங்கி சித்தப்பாவை நாலு தடவை அலையவிட்டு, நட்டு மூன்று வாரம் கழிந்த பிறகு பணம் போட்டது. அதற்குள் அடியுரத்தைக் கடைக்காரரிடம் கடனுக்கு, அவர் சொன்ன விலைக்கு, பாதி அளவுதான் வாங்கிப் போட்டிருந்தார். பயிர் அடியிலிருந்து கிளைத்துத் தூர் சரியாகவே கட்டவில்லை. பிறகு வந்த பணத்துக்கு அந்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாதில்லையா, அது கடனாகவே நின்றது. நான் போனில் வட்டி எவ்வளவு என்று கேட்டதற்கு, "வட்டி கெடக்கட்டும்டே, துட்டு நடவுக்கு முன்னாடி கைக்கு வரணும்லா" என்றார்.

மும்பையில் இருக்கிற நம் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் மனதில் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு அத்தனை வருஷம் சங்கத்தில் கடன் கிடைக்காததற்குக் காரணம் நாங்கள். பட்டா செத்துப்போன தாத்தா பேரிலேயே கிடந்தது. பங்குதாரர்கள் பாதிப் பேர் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிறோம், கையெழுத்துக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை என்போம். நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் சரியாக இல்லாமல் சங்கத்தில் பயிர்க்கடனும் கிடையாது, கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதும் கஷ்டம். நாட்டு விவசாயக் கடனுக்கெல்லாம் தலையான நபார்டு, தாராவிக்குப் பக்கத்தில் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். எங்கள் கடனோ ஊரில் ஒரு கையெழுத்தில் நின்றுபோயிருந்தது. 2021-ல் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோதும் சங்கத்தில் கடனே இல்லாத எங்கள் வயலுக்கு அதில் ஒன்றும் வரவில்லை. மூணு வட்டிக்கு யாரும் தள்ளுபடி கொடுப்பதில்லை.

அப்புறம் எல்லோருமாக ஊருக்குப் போய்ப் பட்டாவைப் பிரித்தோம். இப்போது சங்கத்தில் கடன் ஐப்பசியிலேயே வந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை, அந்தப் பணத்தில் கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ பார்த்துவிட்டால் வயலுக்கு மறுபடி வெளிவட்டிதான். எங்கள் வீட்டில் அதுவும் ஒரு வருஷம் நடந்தது, யாரையும் குறை சொல்ல முடியாத காரணத்துக்காக.

சொந்த வயல் கதை இது. சித்தப்பா பக்கத்தில் ஒரு ஏக்கர் வாய்மொழிக் குத்தகைக்கும் எடுத்துச் செய்கிறார். அதற்கு அடங்கல் அவர் பேரில் கிடைக்காது, சங்கம் கடன் தராது. அந்த ஏக்கருக்கு இன்னும் என் சம்பளத்திலிருந்துதான் ஐப்பசி பிறந்ததும் பணம் போகிறது.