ரவுண்டு நெக் பட்டி சுருங்கினால்

பருத்தி பிளவுஸில் கழுத்துப் பட்டியை உள்ளே மடித்ததும் வளைவு சுருங்கி எழும்பி நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பட்டியைத் துணியின் நேர் இழையில் வெட்டியிருப்பீர்கள் என நினைக்கிறேன், அது வளையாது. 45 டிகிரி சாய்வில், ஒன்றேகால் அங்குல அகலத்தில் கிராஸ் பட்டி வெட்டுங்கள். தைக்கும்போது வளைவில் பட்டியை மட்டும் லேசாக இழுங்கள், கழுத்தை இழுக்க வேண்டாம்.

அப்புறம், பலரும் சோம்பலில் விடுவது: தையலுக்கு வெளியே உள்ள துணியில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சின்ன வெட்டு. தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே கத்தரியை நிறுத்திவிடுங்கள். அந்த ஓரத்தைப் பட்டிப் பக்கம் சாய்த்து, பட்டியின் மேலேயே, முதல் தையலை ஒட்டி இன்னொரு தையல் போடுங்கள். அதற்குப் பிறகு மடித்து, இஸ்திரி போட்டு, கையால் ஹெம்மிங் செய்யுங்கள். பட்டி வெளியே எட்டிப் பார்க்காது.