செட்டின் பெயர்

அன்புள்ள சார்,

திருநங்கைகளும் ஒருபால் விருப்பம் உள்ளவர்களும் நடக்கிற சென்னை வானவில் பேரணிக்குக் கும்பகோணம் பக்கத்து நையாண்டி மேளம் செட்டோடு போய்வந்ததாக நீங்கள் எழுதியிருந்த பத்து வரிக் குறிப்பைப் படித்தேன். எனக்கு வயது அறுபத்தொன்று. கூட்டுறவு சங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்குத் தாத்தா காலத்தில் இருந்தே மேளம் பேசுவது எங்கள் வீடுதான். அந்த உரிமையில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

யார் எப்படி வாழ்ந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நாயனமும் தவிலும் மங்கல வாத்தியம். சாமி புறப்பாட்டுக்கும் தாலி கட்டுக்கும் வாசிப்பது. அதைப் பட்டணத்து ரோட்டில், மேல்நாட்டில் இருந்து வந்த ஒரு கொண்டாட்டத்துக்கு வாசிக்க வைத்தது சரியா? கலைஞர்கள் காசுக்குப் போயிருப்பார்கள், பாவம். என்ன கூட்டம் என்றாவது அவர்களுக்குத் தெரியுமா? ‘பிரைடு’ என்றால் பெருமையாம். பெருமை என்றால் செட்டின் பெயரை ஏன் போடவில்லை? ஒரு போட்டோகூட இல்லை. மறைக்க வேண்டிய விஷயத்தில் என்ன பெருமை?

ஆவணியில் எங்கள் திருவிழா. இன்னும் செட் பேசவில்லை. எந்த செட் என்று தெரிந்தால் நல்லது.

ரா.,
மன்னார்குடி வட்டம்

*

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

கோபம் எல்லாம் இல்லை. உங்கள் கடைசி வரியைத்தான் மூன்று தடவை படித்தேன். அதற்குக் கடைசியிலேயே வருகிறேன்.

காசுக்குத்தான் போனார்கள். நீங்கள் சங்கத்துக்குச் சம்பளம் வாங்காமலா போனீர்கள்? ஏழு பேர், கல்யாணத்துக்கு என்ன ரேட்டோ அதே ரேட்டு, ரயில் சார்ஜ் தனி, பேட்டா தனி. முன்பணம் வெற்றிலைப் பாக்கோடு தட்டில் வைத்துத்தான் கொடுக்கப்பட்டது. கொடுத்தவள் திருவாரூர் பக்கத்துப் பெண், சென்னையில் வேலை. அவளும் அவள் நண்பர்களும் வருஷா வருஷம் அந்தப் பேரணியில் நடப்பவர்கள். இந்தத் தடவை நம் ஊர் மேளத்தோடு நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. எனக்கு எழுதினாள், நான் செட்டுக்காரரிடம் கூட்டிப்போனேன்.

போவதற்கு முன்னால் நான் ஒரு பாடமே தயார் செய்து வைத்திருந்தேன். இவர்களைக் குறிக்க 2022இல் அரசாங்கம் அரசிதழில் போட்ட சொற்களை எல்லாம் புரட்டி, பால்புதுமையர், தன்பாலீர்ப்பு என்று மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். செட்டுக்காரப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியம் கேட்டதுமே சீவாளியை வெளியே எடுத்துவிட்டார்.

“கூவாகத்துல பதினோரு வருசம் வாசிச்சிருக்கேன் தம்பி. எனக்கா திருநங்கைன்னா யாருன்னு சொல்றீங்க?”

“அது மட்டும் இல்லைங்க” என்று இழுத்தேன்.

“ஆம்பளைய ஆம்பள விரும்புறது, பொம்பளைய பொம்பள விரும்புறது, அதுவும் உண்டா?”

“உண்டு.”

கொஞ்ச நேரம் அரசலாற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “எவ்ளோ தூரம் நடக்கணும்?”

என்ன கூட்டம் என்று தெரியுமா என்று கேட்டீர்களே, இதுதான் என் பதில். தெரிந்தது. தெரிந்த பிறகு அவருக்கு முக்கியமாகப் பட்டது தார் ரோட்டின் சூடு, தண்ணீர் கிடைக்குமா, நின்று வாசிப்பதா நடந்துகொண்டு வாசிப்பதா என்கிற மூன்றும்தான்.

மங்கல வாத்தியம் என்கிறீர்கள். மூன்று தலைமுறையாக மேளம் பேசுகிற வீட்டுக்காரருக்குக் கோயிலில் வாசிக்கிற பெரிய மேளம் வேறு, நையாண்டி வேறு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கரகத்துக்கும் காவடிக்கும் பொய்க்கால் குதிரைக்கும் வாசிக்கிற மேளம் இது. எல்லைக்கோடு எங்கே என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். அன்றைக்கு எழும்பூரில், கர்நாடக சங்கீதம் படித்த ஒரு பையன் ஆசையாக வந்து “மல்லாரி வாசிப்பீங்களா?” என்று கேட்டான். “அது சாமி பொறப்பாட்டுக்கு. ஒங்களுக்கு வேற வச்சிருக்கேன், வா” என்றார். பையன் முகம் சுருங்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து முதல் வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான்.

மேல்நாட்டுச் சரக்கு என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவே 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்ததுதானே என்பது. உண்மைதான், எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இன்னொரு பதில் நம் ஊர்க்காரர்கள் சொல்வது: மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பெண் வேடம் முழுக்க ஆண்கள்தானே கட்டுகிறார்கள், ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறதே என்று. அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. வேடம் விடிந்தால் கலைந்துவிடும். இவர்கள் பேசுவது கலைக்க முடியாததைப் பற்றி.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். குறிப்பில் எழுத இடம் இல்லாமல் விட்டது நிறைய.

ஜூன் கடைசி. கல்லணைக்குத் தண்ணீர் வந்து, இங்கே நாற்றங்காலில் ஆட்கள் இறங்கியிருந்த நேரம். விக்கிரவாண்டி சாலையை நம்பி வேனில் போக யாருக்கும் தைரியம் இல்லாததால் உழவன் எக்ஸ்பிரஸ். இரண்டு தவிலும் ஜமுக்காள உறையோடு மேல் பெர்த்தில் படுத்துவந்தன. தவில்காரர்களில் ஒருவர் கீழே பேப்பர் விரித்துப் படுத்தார். டிக்கெட் பரிசோதகர் பார்த்துவிட்டு, “பெர்த் இவருக்கா, அதுக்கா?” என்றார். “அதுக்கு எரநூறு கல்யாணம் ஆயிருக்கு சார், எனக்கு ஒண்ணுதான்” என்று படுத்தபடியே பதில் வந்தது.

பேரணி தொடங்கும் இடம் ராஜரத்தினம் மைதானம் பக்கம் என்றதும் பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “நம்ம திருவாவடுதுறையார் பேர்லயே மைதானம் வச்சிருக்கானுவோ பாருங்க!” நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைச் சொல்கிறார். அது அவர் பெயர் இல்லை என்று எங்களில் யாரும் திருத்தப் போகவில்லை. அந்தப் பெயர் தந்த மிடுக்கு அவருக்குச் சாயங்காலம் வரை இருந்தது.

மதியம் மூன்று மணி வெயில். நாயனக்காரருக்குச் சென்னை வெயில் தரும் தொல்லை என்ன தெரியுமா, சீவாளி காய்ந்துபோகும். வாயில் இருந்து எடுத்த நிமிஷத்தில் விறைத்துக்கொள்ளும். பெரியவர் நாலைந்து சீவாளிகளை டீ கிளாஸில் போட்டு, கிளாஸைப் பம்பைக்காரப் பையன் கையில் கொடுத்து நடக்க வைத்தார். எங்களுக்கு முன்னால் ஒரு பறைக் குழு. பின்னால் ஒரு வண்டியில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு. நடுவில் மாட்டிக்கொண்ட நையாண்டி, முதல் கால் மணி நேரம் படு சுமார் என்று சொல்லத்தான் வேண்டும். தவில் ஒரு நடையில் போக, பறை வேறு நடையில் இழுக்க, ஸ்பீக்கர் எதையும் மதிக்காமல் அலற, பெரியவர் நாயனத்தை இறக்கிவிட்டார். கையைக் காட்டி செட்டை நிறுத்தினார். பறைக்காரர்கள் முப்பது அடி முன்னால் போகும் வரை காத்திருந்தார். பின்னால் திரும்பி, ஸ்பீக்கர் வண்டியில் இருந்த பையனைப் பார்த்து ஒரு பார்வை. அணைத்துவிட்டான். அதற்கப்புறம் பறையின் நடையை அப்படியே வாங்கி, அதன் மேலேயே தவிலை ஏற்றினார்கள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அவருடைய பெரிய குறை வேறு. கோயில் ஊர்வலம் மண்டகப்படிக்கு மண்டகப்படி நிற்கும். நிற்கிற இடத்தில்தான் தவில்காரர்கள் ஒருவரை ஒருவர் சீண்டி வாசிப்பார்கள். இங்கே போலீஸ்காரர்கள் “நகரு, நகரு” என்று தள்ளிக்கொண்டே வந்தார்கள். “நிக்காத ஊர்வலத்துல என்னத்தக் காட்டுறது?” என்று முணுமுணுத்தார். ஒரே ஒரு இடத்தில் நின்றது. சிக்னல். நாகப்பட்டினம் பேச்சு பேசிய ஒரு திருநங்கை, ஐம்பது வயது இருக்கும், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, “கரகத்து அடி போடுங்கண்ணே” என்றார். போட்டார்கள். தலையில் கரகம் இருப்பது போலவே கழுத்து அசையாமல் ஆடினார். ஆடி முடித்து, மடியில் இருந்து நூறு ரூபாய் எடுத்தார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும், சட்டையில் குத்த வேண்டும். ஊக்கு இல்லை. தன் மாராப்பில் குத்தியிருந்த வானவில் பேட்ஜைக் கழற்றி, அதன் ஊசியாலேயே நோட்டைப் பெரியவர் சட்டையில் குத்திவிட்டார். பேட்ஜோடு சேர்த்து.

இனி நீங்கள் கேட்ட போட்டோ.

பம்பைக்காரப் பையன் இந்த ஆட்டத்தை எல்லாம் போனில் பிடித்து உடனே ஸ்டேட்டஸ் போடப் போனான். திருவாரூர்ப் பெண் ஓடிவந்தாள். அவளே தொப்பியும் பெரிய கறுப்புக் கண்ணாடியும் போட்டுத்தான் நடந்துகொண்டிருந்தாள். “தம்பி, முகம் தெரியிற மாதிரி போட்டுடாதீங்க. வீட்ல தெரியாதவங்க நிறைய பேரு இருக்காங்க. வேலை போயிடும், வீடு போயிடும்.” பையன் விழித்தான். பெரியவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. தவில் உறையை விரித்துப் பிடித்தார். ஏழு போனும் உள்ளே போயின. விரலில் மாட்டிய கூட்டோடு போனை எடுக்கத் தடுமாறிய தவில்காரர் பையில் இருந்து அவரே எடுத்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எங்க மொகமும் வேணாம்மா. ஆவணி வருது. நம்மளக் கூப்புடுறது அம்புட்டும் கோயில் ஊரு.”

“எங்க வீடு இருக்கறதும் அந்த ஊருதாண்ணே” என்றாள் அவள்.

ஆகவே பெயரும் இல்லை, போட்டோவும் இல்லை. மறைத்தது அவர்கள் செய்த காரியத்தை நினைத்து வெட்கப்பட்டு இல்லை ஐயா, மன்னார்குடி வட்டத்தை நினைத்து. உங்களை மட்டும் சொல்லவில்லை, என்னையும் சேர்த்துத்தான். நானே சொந்தக்காரர்களிடம் அன்றைக்கு “ஒரு கச்சேரி விஷயமா சென்னை போறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பெருமை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் 2009இல் முதல் முதலாக நடந்தார்களே, 377 அப்போது உயிரோடு இருந்தது. சம்மதத்தோடு சேர்கிறவர்கள் விஷயத்தில் அது செத்தது 2018 செப்டம்பரில். அந்தப் பேரணிக்குத் தமிழில் அவர்கள் வைத்த பெயர் வானவில் சுயமரியாதைப் பேரணி. பெருமை என்று போடவில்லை. யார் யோசித்தார்களோ, நல்ல காது. சுயமரியாதை என்றதும் நாயனக்காரர்களுக்கு நினைவு வருவது கானாடுகாத்தான் ஊர்வலம். நாயனக்காரர் சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் துண்டு போட்டு வாசித்துக்கொண்டு வந்தார். துண்டை எடு என்றார்கள் பெரிய மனிதர்கள். எடுக்காதே என்று கூட நின்றவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. ரயிலில் திரும்பும்போது பெரியவர்தான் இந்தக் கதையை எடுத்தார், தம் தாத்தா சொன்னதாக. சொல்லிவிட்டு, “அவருக்குத் துணைக்கு ஒரு அழகிரி இருந்தாரு, துண்ட எடுக்கல. எல்லா ஊர்லயும் அழகிரி நிப்பாரா?” என்றார். அவர் முகம் வேண்டாம் என்றதற்கும், அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டதற்கும் வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

அந்த பேட்ஜ் இப்போது அவருடைய நாயன உறையின் உள்பக்கத்தில் இருக்கிறது. ஊசி நல்ல கெட்டி, சீவாளித் துவாரத்தில் அடைப்பு எடுக்கத் தோதாக இருக்கிறதாம்.

உங்கள் கடைசி வரி. எந்த செட் என்று தெரிந்தால் நல்லது என்றீர்கள். கூப்பிடவா, தவிர்க்கவா என்று எழுதவில்லை. தவிர்க்க என்றால் என்னிடம் பெயர் கிடையாது. கூப்பிட என்றால், உங்கள் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். முழுக்கக் கேட்டார். “மாரியம்மன் கோயிலா? மண்டகப்படி எத்தன?” என்றார். எத்தனை என்று எழுதுங்கள். ஆவணி பதினைந்துக்கு மேல் அவருக்கு நாள் காலி இல்லை.

அன்புடன்