சோறு நெஞ்சில் நிற்கும்போது ரத்தப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வலங்கைமான் பக்கம் விவசாயம். பல வருடமாக வெற்றிலை, சீவல், புகையிலை. ஒரு மாதமாகச் சோறு நெஞ்சுக்குள் நிற்கிறது என்கிறார்; கஞ்சி இறங்குகிறது. ஊருக்கு வந்த முகாமில் வாயைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் மூலம் 4,800 ரூபாய் கட்டி ‘கேன்சர் பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனை எடுத்தோம், எல்லாம் நார்மல். சதை எடுத்தால் பரவிவிடும் என்று உறவுக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வெளிநாட்டில் பஞ்சு மாத்திரையிலேயே கண்டுபிடிக்கிறார்களாம், ஆபரேஷன் இல்லாமலே குணப்படுத்துகிறார்களாம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: இந்த வாரமே அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

உணவுக்குழாய் நன்றாக விரிந்துகொடுக்கும். ஆகவே சோறு நிற்கத் தொடங்கிவிட்டது என்றால் பாதை ஏற்கெனவே கணிசமாகச் சுருங்கியிருக்கிறது என்று பொருள். முதலில் சோறு, அப்புறம் குழைந்த சாதம், கடைசியில் கஞ்சியும் தண்ணீரும் என்ற வரிசையில்தான் இது முற்றும். புற்றுநோய் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். அமிலம் மேலேறிப் புண்ணாகி ஆறிய தழும்பும் இப்படி அடைக்கும். எது என்பதைக் கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ‘வாயு’ என்று மாத்திரை வாங்கிப் போட்டு இன்னொரு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள்.

முகாமில் சொன்னது பொய்யில்லை. ஆனால் அரசின் பரிசோதனைத் திட்டத்தில் இருப்பவை வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று மட்டுமே. வாய் நன்றாக இருக்கிறது என்றால் வாய் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வெற்றிலை, புகையிலை போடும் ஆளிடம் ‘சாப்பாடு இறங்குகிறதா?’ என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்க எத்தனை நொடி ஆகும்? அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை யாரும் கேட்பதில்லை.

அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இத்தகைய பேக்கேஜில் வழக்கமாக இருப்பவை சிஇஏ, சிஏ 19-9, ஏஎஃப்பி, பிஎஸ்ஏ என்று ரத்தத்தில் அளக்கும் சில பொருள்கள். பிஎஸ்ஏ ஆண்களின் புராஸ்டேட் சுரப்பிக்கானது. ஏஎஃப்பி பெரும்பாலும் கல்லீரலுக்கானது. சிஇஏ, பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோயே இல்லாமல்கூட ஏறி நிற்கும். உணவுக்குழாயில் கட்டி இருந்தும் நார்மலாகவே இருக்கும். இவற்றில் எதுவும் சோறு ஏன் நிற்கிறது என்று சொல்லாது. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஏஜென்டுக்குக் கமிஷன், அனுப்பிவைத்தவருக்கு ஒரு பங்கு, உங்களுக்கு நார்மல் என்ற காகிதம். பணம் போனால் போகட்டும். அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு மூன்று மாதம்தான் ஆளைக் கொல்கிறது. அடுத்து ‘ஃபுல் பாடி ஸ்கேன்’ என்று அதே ஆள் வருவார். வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

எண்டோஸ்கோப்பிக்கு முந்தின நாள் பகலிலிருந்தே நீராகாரம் மட்டும் கொடுங்கள். அடைப்பு இருப்பவருக்குச் சோறு மேலேயே தங்கிப் பார்வையை மறைக்கும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போய்விடும். இரவுக்குப் பிறகு வெறும் வயிறு. சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஏதேனும் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகமான இடத்தில் ஆறு சதைத் துணுக்காவது எடுத்து பயாப்ஸிக்கு (சதைப் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும். ஒன்றிரண்டு போதாது, செத்த திசு மட்டும் வந்துவிடும். துணுக்கு ஒவ்வொன்றும் அரிசி நொய் அளவுதான். அதை எடுப்பதால் நோய் பரவாது. கண்ணுக்குக் கட்டி போலத் தெரிந்தும் பயாப்ஸியில் ‘இல்லை’ என்று வந்தால், மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எண்டோஸ்கோப்பி நார்மல், ஆனால் அடைப்பு நிற்கவில்லை என்றால் அத்தோடு விட்டுவிடக் கூடாது. குரல்வளைக்குப் பின்புறம் உணவுக்குழாய் தொடங்கும் இடத்தைக் கேமரா சட்டென்று கடந்துவிடும். அங்கே ஒளிந்திருக்கும் கட்டியைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான் தனியாகப் பார்க்க வேண்டும். குறிப்பாகப் பெண்கள்: வருடக்கணக்காக ரத்தசோகையோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவால் அந்த இடத்தில் மெல்லிய சவ்வு வளர்ந்து தொண்டை அடைக்கும். பின்னாளில் அதே இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். வெளிறிய முகம், ஆறாத வாயோரப் புண், தொண்டையில் சோறு நிற்பது மூன்றும் சேர்ந்த பெண்ணிடம் ‘மனக்கவலை’ என்று சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் அம்மாவுக்கும் இது பொருந்துமா என்று பாருங்கள்.

பஞ்சு மாத்திரை உண்மைதான். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கியது. நூலோடு விழுங்கினால் வயிற்றில் கரைந்து பஞ்சாக விரியும், இழுத்தெடுத்து செல்களைப் பார்ப்பார்கள். நீண்டநாள் நெஞ்செரிச்சல்காரர்களுக்கான சோதனை அது. விழுங்கவே சிரமப்படுபவருக்கு அல்ல.

பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்தால் அறிக்கையில் வகையைப் பாருங்கள்: ஸ்குவாமஸ் அல்லது அடினோ. நம் பக்கம் பெரும்பாலும் ஸ்குவாமஸ். 2012-ல் வெளியான டச்சு ஆய்வில், முதலில் ஐந்து வாரம் கீமோவோடு 23 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, பிறகு அறுவை செய்தவர்களில் பாதிப் பேர் சுமார் 49 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். நேராக அறுவைக்குப் போனவர்களில் பாதிப் பேர் 24 மாதத்துக்கு மேல். ஸ்குவாமஸ் வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, வெட்டியெடுத்த பகுதியில் புற்றுநோய் செல்லே இல்லை. அதனால்தான் ‘பின் எதற்கு அறுவை?’ என்ற கேள்வி எழுந்தது. 2025-ல் வெளியான அடுத்த டச்சு ஆய்வு, சிகிச்சைக்குப் பின் நோய் தென்படாதவர்களைக் கண்காணித்து, நோய் திரும்பினால் மட்டும் அறுவை செய்தபோது, இரண்டாண்டு முடிவில் அவர்கள் உடனே அறுவை செய்தவர்களுக்கு ஈடாகவே உயிரோடு இருந்தார்கள் என்று காட்டியது. ஆனால் கண்காணிப்பு என்றால் முதல் வருடம் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஆழமான பயாப்ஸி. அறுவடை நேரம், பஸ் இல்லை என்று ஒரு தவணை விட்டாலும் திட்டம் குலைந்துவிடும். கரண்ட், கீமோ முடிந்தபின் மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டியது இது.

யாராவது முதல் நாளே ‘ஸ்டென்ட் வைத்தால் நாளைக்கே சாப்பிடலாம்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். உலோகக் குழாய், குணப்படுத்த வழியில்லாதவருக்கான நிவாரணம். குணமாக வாய்ப்புள்ளவருக்கு அவசரப்பட்டு வைத்தால் பின்னால் வரும் அறுவை சிக்கலாகும். அதுவரை மூக்கு வழிக் குழாயில் கஞ்சி, பால், முட்டை கரைத்துக் கொடுக்கலாம். எடை குறையாமல் காப்பது பாதிச் சிகிச்சை.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டில் சேரலாம். அட்டை இல்லையென்றால் ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு இன்றே விண்ணப்பியுங்கள். நோய் உறுதியான பிறகு சான்றுக்கு அலைவதில்தான் வாரங்கள் கரைகின்றன. பயாப்ஸித் துணுக்கைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டி, அதன் கண்ணாடிச் சில்லு (ஸ்லைடு), ஸ்கேன் சிடி மூன்றையும் கேட்டு வாங்கி ஒரே பையில் வையுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.