பானையே கடலாக வேண்டும்

கேள்வி: கடையில் வாங்கிய சுட்டமண் குடுவையில், மினோவன் (பண்டைய கிரீட் தீவு நாகரிகத்தின்) பாணியில் ஆக்டோபஸ் ஒன்றை அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்தேன். ஸ்டிக்கர் ஒட்டியதுபோலத் தனித்துத் தெரிகிறது. எங்கே தவறினேன்? இதில் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: தண்ணீர் வேண்டாம். பளபளப்புப் பூச்சு இல்லாத மண் கசியும். அந்த ஈரம் உள்ளிருந்து வந்து அக்ரிலிக்கைத் தோலாக உரித்துவிடும். உலர்ந்த பூக்கள் வையுங்கள்.

கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் கிழக்கே பலைகாஸ்ட்ரோவில் கிடைத்து, இன்று இராக்லியோன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் குடுவையைப் படத்திலாவது உற்றுப் பாருங்கள். ஏறத்தாழ கி.மு. 1500க்கும் 1450க்கும் இடைப்பட்டது. உயரம் 28 செ.மீ. அளவே. அதில் ஆக்டோபஸ் நிமிர்ந்து நிற்கவில்லை. சற்றுச் சாய்ந்து மிதக்கிறது. கைகள் குடுவையின் வயிற்று வளைவோடு வளைந்து நாலாபுறமும் பரவுகின்றன. மிச்ச இடமெல்லாம் பாசி, பாறை, கடல் முள்ளெலி. எத்தனை முறை பார்த்தாலும் அது நீந்துவதாகவே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் குடுவையின் முன்பக்கத்தைத் தாளாக நினைத்து நடுவில் வரைந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

அடுத்த முறை பென்சில் கோடு போடாதீர்கள். முதலில் இரண்டு பெரிய கண்கள், பிறகு சாய்ந்த உடல். ஒவ்வொரு கையையும் இழுக்கும்போது தூரிகையை நிறுத்திப் பானையைத் திருப்புங்கள். கை கைப்பிடிக்கு அடியிலும் அடிப்பகுதி வரையிலும் போகட்டும். உறிஞ்சு வட்டங்கள் அதற்குப் பிறகு; பாசியும் பாறையும் கடைசியில்.

சூளை வசதி இருந்தால் அக்ரிலிக்கை விட்டுவிடுங்கள். இரும்புச்சத்துள்ள செம்மண்ணை நீரில் கரைத்து ஒரு நாள் அசையாமல் வைத்தால் கரடு அடியில் தங்கும். மேலே கலங்கி நிற்கும் மெல்லிய குழம்பை வடித்து, பால் பதத்துக்கு வற்றவிடுங்கள். சுடாத பானையைப் பாதி உலர்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்து, அதன்மேல் இதைத் தீட்டிச் சுட வேண்டும். மினோவர்கள் சூளையில் இடையே காற்றை அடைத்தார்கள். இரும்பு கறுத்து, குழம்பு இறுகியது. மறுபடி காற்று புகுந்ததும் பானை வெளிர்நிறத்துக்குத் திரும்பியது, தீட்டிய கோடு மட்டும் கருமையாக நின்றது. மின்சூளையில் காற்று தாராளம் என்பதால் உங்களுக்குச் செம்பழுப்பே வரும். வருந்தாதீர்கள், பழைய பானைகளிலும் அந்த நிறம் உண்டு.