முதலில் தாழ்ப்பாள், பிறகு பொன்னாடை: சேவைச் சங்கம் பற்றிய கேள்வி பதில்

பெரம்பூர்ப் பகுதியில் ஒரு சேவைச் சங்கத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக இருக்கிறேன். மூன்று முறை செயலாளர், ஒரு முறை பொருளாளர். கூட்டம், முகாம், வெள்ள நிவாரணம், தெரு விழா என்று பலரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டு, இடத்தை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

தாம்பரம், கல்லூரி மாணவர்: ரோட்டரி, லயன்ஸ் எல்லாம் வசதியானவர்களுக்குத்தான் என்கிறார்களே அக்கா? பணமில்லாத நான் எங்கே சேருவது?

தம்பி, பெரியவர்களுக்கான சங்கங்களில் செலவு உண்டு என்பது உண்மைதான். ரோட்டரி 1905இல் சிகாகோவில் பிறந்து 1929இல் சென்னைக்கு வந்தது. லயன்ஸ் 1917இல் அதே ஊரில் பிறந்து 1956இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டிலும் உறுப்பினர் சந்தாவில் ஒரு பங்கு உள்ளூர்ச் சங்கத்துக்கும், ஒரு பங்கு சங்கத்தின் மாவட்ட அமைப்புக்கும், ஒரு பங்கு தலைமையகத்துக்கும் போகிறது. அரங்க வாடகையும் சாப்பாடும் தனி. உங்கள் வயதுக்கு ரோட்டரியின் ரோட்டராக்ட், லயன்ஸின் லியோ ஆகிய இளைஞர் சங்கங்கள் இருக்கின்றன. பல கல்லூரிகளில் வளாகத்துக்குள்ளேயே இயங்குகின்றன, செலவும் குறைவு. லியோவில் 30 வயது வரைதான். ரோட்டராக்டில் 18 முடிந்திருந்தால் போதும்; மேல் வரம்பை 2020இல் எடுத்துவிட்டார்கள்.

சேருவதற்கு முன் இரண்டு கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் உட்காருங்கள். போன மாதம் செய்த வேலையைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள், அடுத்த விழாவின் மேடை அலங்காரத்தைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். எந்தச் சங்கம் என்பதை அதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

புளியந்தோப்பு, பள்ளி ஆசிரியை: ஜூன் பிறந்தால் நோட்டுப் புத்தகம் கொடுக்கச் சங்கம் சங்கமாக வருகிறார்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரம் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

அம்மா, வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் உலுக்கியது இதுதான். நாங்களும் அப்படி வந்து நின்றவர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் அரசே இலவசமாகத் தருகிறது. அது தெரிந்தும் நோட்டையே கட்டுக்கட்டாகச் சுமந்து போவதற்குக் காரணம், அது மேடையில் கை மாற்றத் தோதான பொருள் என்பதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் விழா முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியை என்னைத் தனியே அழைத்தார். “மாடியில் பெண்கள் கழிப்பறையில் மூன்று கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்கிறாள். கூடப் போக ஆள் கிடைக்காத அன்று சில பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை” என்றார். மூன்று தாழ்ப்பாளும் தச்சர் கூலியும் சேர்த்து, அன்று மேடையில் போர்த்திய சால்வைகளின் விலைக்குக்கூட வரவில்லை. மறுநாளே மாட்டிவிட்டோம். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தும் ஒரு தடவையாவது “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கத் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதன்பின் எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. ஏப்ரல் மாதமே பள்ளிக்குப் போய்த் தேவைகளை எழுதி வாங்குகிறோம். குழாய், மின்விசிறி, நாப்கின் எரிக்கும் கருவியைப் பழுது பார்ப்பது, கழிப்பறை துப்புரவுக்கு ஒருவருக்கு மாதச் சம்பளம் என்று வரும். மாதச் சம்பளம் கொடுப்பதுதான் சங்கத்துக்குக் கடினம், ஏனென்றால் அதற்கு விழா கிடையாது. ஆனால் பள்ளிகள் அதிகம் கேட்பது அதைத்தான்.

நீங்கள் செய்யக்கூடியது இது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, தேவைப் பட்டியல் ஒன்றைத் தலைமையாசிரியர் கையெழுத்துடன் தயாராக வைத்திருங்கள். எந்தச் சங்கம் வந்தாலும் முதலில் அதைக் கொடுங்கள். நிகழ்ச்சி வகுப்பறைக்குள், பதினைந்து நிமிடம், பிள்ளைகளின் முகம் படத்தில் வராது என்ற மூன்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள். நேரில் சொல்லத் தயங்குவதைக் காகிதம் சொல்லிவிடும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற சங்கத்துக்காக வருந்த வேண்டாம்.

கொளத்தூர், புதிய செயலாளர்: ஏழு மணிக் கூட்டம் எட்டுக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிகிறது. ஆட்களும் குறைகிறார்கள். எப்படிச் சரி செய்வது?

ஏழு என்றால் ஏழுக்குத் தொடங்குங்கள், நான்கு பேர் இருந்தாலும். இரண்டு மாதம் முணுமுணுப்பார்கள், மூன்றாவது மாதம் வந்துவிடுவார்கள். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு ஐந்து நிமிடம், வரவு செலவு ஐந்து நிமிடம். நடந்து முடிந்த வேலையைப் பற்றித் தலைவர் பேச வேண்டாம், களத்தில் நின்றவர் பேசட்டும். புதிய தீர்மானம் என்றால் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவு என்ற மூன்றும் சொல்லப்படாமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். எங்கள் பழைய குறிப்பேடுகளில் “ஆவன செய்வதென முடிவாயிற்று” என்று எழுதப்பட்ட எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஒன்பது மணிக்கு ரயிலையோ பஸ்ஸையோ பிடிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். முக்கிய முடிவுகளை அதற்குப் பிறகு எடுத்தால் அவர்கள் இல்லாமலே எடுத்ததாகிறது. எட்டரைக்கு முடித்துவிடுங்கள். பேச வருகிற விருந்தினருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு புத்தகம் கொடுத்துப் பாருங்கள், மகிழ்வார்கள்.

சோழிங்கநல்லூர், மென்பொருள் ஊழியர்: எங்கள் அலுவலகத்தில் ஒரே நாளில் முந்நூறு பேரை ரத்த தானம் செய்ய வைக்கத் திட்டம். நல்ல யோசனைதானே?

உங்கள் ஆர்வம் பெரியது. எண்ணிக்கையை மட்டும் ரத்த வங்கியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் ஆயுள். முந்நூறு பை ஒரே நாளில் வந்து, அந்த வாரம் அவ்வளவு தேவை இல்லாவிட்டால் தட்டணுக்கள் வீணாகும். கொடுத்தவர்களில் ஆண்கள் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் மறுபடி கொடுக்க முடியாது. அதற்குள் டெங்கு பரவினால் நீங்கள் அழைக்க ஆள் இருக்காது. முந்நூறை ஆறாகப் பிரியுங்கள். கல்லூரிகள் மூடிக் கிடக்கிற ஏப்ரல், மே மாதங்களில் ரத்த வங்கிகள் திண்டாடும்; உங்கள் அலுவலகம் அப்போதும் திறந்திருக்கிறதே, அதுதான் உங்கள் பலம்.

18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முந்தைய இரவு தூங்காமல் வேலை பார்த்தவரை அன்று விட்டுவிடுங்கள். காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முகாமிலும் ஹீமோகுளோபின் குறைவு என்று பல இளம்பெண்களைத் திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் ஏதோ தவறு செய்தவர்களைப் போல முகம் வாடிப் போகிறார்கள். உண்மையில் அந்த முகாமில் மிக முக்கியமான தகவல் அவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அவர்களுக்கென்று ஒரு மருத்துவரை உட்கார வையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் முகாமில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண், மூன்றாம் முறை கொடுத்துவிட்டுச் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன்.

முடிச்சூர், இளைஞர்: ஒவ்வொரு வெள்ளத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறோம். ஒரு தெருவில் மிஞ்சுகிறது, அடுத்த தெருவில் பட்டினி. எங்கே தவறுகிறோம்?

பசித்தவருக்குச் சோறு போடுவது இந்த ஊரின் பழைய பழக்கம். 1782 பஞ்சத்தின்போது வடசென்னையில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரத்தின் நினைவாகத்தான் ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் இன்றும் “கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி” என்கிறார்கள். வெள்ளம் என்றதும் நமக்கும் கை முதலில் அண்டாவுக்குத்தான் போகிறது. அதில் தவறில்லை, ஆனால் பொட்டலம் முதல் இரண்டு நாளுக்கான உதவி. அதிலும் நம் புழுக்கத்தில் சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குமேல் நம்ப முடியாது. சாம்பார் சாதம் வேண்டாம், புளிசாதம் தாங்கும். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதுங்கள்.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நாங்கள் கற்றது இது. மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்கு நான்கு வண்டி வரும். உள்ளே இடுப்பளவு தண்ணீரில் இருக்கிற தெருவுக்கு ஒன்றும் வராது. அதனால் பொருள் ஏற்றும் முன் தெருவுக்கு ஒருவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். எத்தனை வீடு, எத்தனை கைக்குழந்தை, படுக்கையில் இருப்பவர் யார், இன்சுலின் போடுகிறவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். இந்தப் பட்டியலை மழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே செய்து வைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாம் நாள் தேவை மாறும். நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய், கொசுவத்தி, பிளீச்சிங் பவுடர், துடைப்பம். எங்களிடம் ஒரு பாட்டி கேட்டது ஒரு வாளியும் துடைப்பமும்தான். நாங்கள் கொண்டு போனது எட்டாவது பிரெட் பாக்கெட். பழைய துணி மட்டும் சேர்க்காதீர்கள். கிழிந்ததும் அழுக்கானதும் மூட்டையாக வந்து, சேற்றில் நனைந்து, கடைசியில் துப்புரவுப் பணியாளர்களின் தலையில் விழுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் வரும். அதற்கு நீங்களே மாத்திரை கொடுக்கக் கூடாது, மாநகராட்சி மருத்துவ முகாமுக்கு ஆட்களை அழைத்துப் போங்கள்.

அசோக் நகர், குடியிருப்போர் சங்கம்: பொங்கலுக்குத் தெருவில் கோலப்போட்டி, மாலையில் கச்சேரி. யாரிடம் அனுமதி?

காவல் நிலையத்தில் குறைந்தது ஐந்து நாளுக்கு முன் எழுதிக் கொடுங்கள். ஒலிபெருக்கிக்கும் அதிலேயே கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டர் சுற்றளவு அமைதி மண்டலம். பூங்காவோ விளையாட்டுத் திடலோ என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். தெருவிளக்குக் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கவே கூடாது, மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள். பிளாஸ்டிக் டம்ளர், தட்டு, உறிஞ்சு குழல் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. குப்பை அள்ளும் பொறுப்பை யாருக்கு என்று முந்தைய நாளே பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

வில்லிவாக்கம், நண்பர்கள் குழு: வாட்ஸ்அப்பில் பணம் திரட்டி உதவுகிறோம். பதிவு செய்ய வேண்டுமா? அமெரிக்காவிலிருந்தும் அனுப்புகிறேன் என்கிறார்கள்.

ஏழு பேர் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பதிந்தால் ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அந்தக் கட்டாயம் உங்களுக்கே நல்லது. ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில் பொதுப்பணத்தைத் தொடர்ந்து வாங்காதீர்கள். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் சந்தேகம் வரும், நட்பு போய்விடும். கண் முன்னால் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கான மத்திய அரசுப் பதிவு இல்லாமல் சங்கம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அங்கே வேலை பார்த்துத் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியே அனுப்புவது அந்தக் கணக்கில் வராது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

திருவான்மியூர், ஒரு தாய்: பத்து வயது மகளை அழைத்துப் போக ஏதாவது?

ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் ஆமை நடை. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. மாணவர்கள் 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள், வார இறுதியில் பொதுமக்களும் சேரலாம். மணலில் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும், அன்று மதியமே மகளைத் தூங்க வையுங்கள். டார்ச் அடிக்க வேண்டாம். வெளிச்சம் ஆமைகளைத் திசை மாற்றிவிடும்.

மயிலாப்பூர், இல்லத்தரசி: மாமனார் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்குக் கீழே தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். கண் வங்கியினர் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், முகம் கெடாது. கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். அவர் எழுதிக் கொடுத்த அட்டையைவிட வீட்டாரின் சம்மதம்தான் அந்த நேரத்தில் கணக்கு. ஆகவே இன்றே பிள்ளைகள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். கண் வங்கியின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். துக்கத்தில் யாருக்கும் தேடத் தோன்றாது.

மாதவரம், ஓய்வுபெற்றவர், 68 வயது: முழங்கால் வலி. நின்று செய்கிற வேலை முடியாது. எனக்கு இடம் உண்டா?

ஐயா, உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலைக்குத்தான் ஆள் பஞ்சம். பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தரலாம். தேர்வில் சொல்வதை எழுதுபவராகவும் போகலாம், ஆனால் பல தேர்வுகளில் எழுதுபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நீங்கள் பட்டதாரி என்றால் வாசிப்புதான் பொருந்தும். இன்னொன்று, விண்ணப்பம் நிரப்புவது. முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்று, கல்வி உதவித்தொகை என்று ஒவ்வொன்றுக்கும் படிவம் எழுதத் தெரியாமல் இடைத்தரகரிடம் பணம் கொடுப்பவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். வாரத்தில் ஒரு காலை, இரண்டு மணி நேரம், அருகிலுள்ள நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ அனுமதி கேட்டு ஒரு மேசை போட்டு உட்காருங்கள். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் மூன்று வாரம் யாரும் வரமாட்டார்கள். நான்காவது வாரம் ஒரு அம்மா ரேஷன் கார்டோடு வந்து நிற்பார். நீலப் பேனா, கறுப்புப் பேனா இரண்டும் வைத்திருங்கள். உங்கள் படிக்கும் கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், படிவங்களில் எழுத்து மிகவும் பொடி.